ஞானராஜ் அண்ணாச்சியும் இரண்டு மாரியப்பன்களும்

ஞானராஜ் அண்ணாச்சி இறந்துவிட்டார். காலையில் அவர் மகள் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து போன் செய்தாள்...

உங்களில் பலருக்கு அவரைத் தெரியாது. தொண்ணூறுகளின் கடைசியில் ராஜபாளையத்தில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் அவர் டைப்பிஸ்ட், நான் கம்ப்யூட்டர் ஆபரேட்டர்.

ஜன்னல் இல்லாத ஒரே ரூம். கம்ப்யூட்டருக்குத் தூசி ஆகாது என்று கதவையும் சாத்திவிடுவார்கள். மதியம் ஆடிட்டர் சார் சாப்பிடப் போனதும் அண்ணாச்சி கதவைத் திறந்து, இடுக்கில் பஞ்சிங் மெஷினைச் சொருகுவார்.

"செத்த நேரம் காத்து வரட்டும்மா. நாம என்ன கோழியா, கூடைக்குள்ள கெடக்க?"

வேலையை விட்டுவிடலாம்தான். விட்டால் அடுத்த மாதமே வீட்டில் மாப்பிள்ளை பார்த்து முடித்துவிடுவார்கள். அந்த வேலை ஒன்றுதான் எனக்கு இருந்த சாக்கு.

மில்லுக்கு கான்ட்ராக்ட் வேலை செய்பவர்களின் பில்லில் வரி பிடிப்பார்கள் அல்லவா... யார் யாருக்கு எவ்வளவு பிடித்தது என்ற லிஸ்ட்டை வருஷா வருஷம் வரி ஆபீஸுக்குக் கொடுப்பது எங்கள் ஆபீஸ். அதுவரை எல்லாம் பேப்பர், அண்ணாச்சியின் டைப்ரைட்டர். அந்த வருஷம் ஆடிட்டர் சார் கிளையன்ட்களிடம், "இனிமே லிஸ்ட் எல்லாம் ஃப்ளாப்பிலதான்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டார்.

வரி பிடித்ததற்குக் கான்ட்ராக்டர்களுக்குத் தரும் சர்டிபிகேட்டை மட்டும் அண்ணாச்சி வழக்கம்போல பேப்பரில் அடித்தார். லிஸ்ட்டை நான் ஏற்றினேன். ஒரே மில்லில் இரண்டு மாரியப்பன்... ஒரே பெயர் தவறிப்போய் இரண்டு தடவை வந்திருக்கிறது என்று நினைத்து ஒன்றை அழித்துவிட்டேன்.

சில மாதம் கழித்து தேவதானத்திலிருந்து மாரியப்பன் வந்தார். மில்லுக்கு வெள்ளையடிக்கும் கான்ட்ராக்டர். கையில் சர்டிபிகேட்.

"வரி ஆபீஸ்ல பாத்தா ஃப்ளாப்பில என் பேரு இல்லையாம் சார். இது போலியாம். எங்கய்யா அடிச்சேன்னு என்னையக் கேக்குதாவ. எம்புட்டு தடவை நடக்குறது?"

ஊர் சுந்தரபாண்டியம் என்று போட்டிருந்த இன்னொரு மாரியப்பன்தான் ஃப்ளாப்பியில் இருந்தார். எனக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. வாயைத் திறக்கவில்லை.

ஆடிட்டர் சார் சர்டிபிகேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தப்பு எங்களுடையது என்று தெரிந்தால் மில் கைவிட்டுப் போகும். "இது எங்க ஆபீஸ்ல அடிச்சதே இல்ல" என்றார்.

மாரியப்பனுக்கு அழுகையே வந்துவிட்டது.

அண்ணாச்சி எழுந்தார். பீரோவிலிருந்து கார்பன் காப்பியை எடுத்தார்.

"நான்தான் சார் அடிச்சேன். சர்டிபிகேட் சரி. லிஸ்ட்லதான் தப்பு."

"லிஸ்ட்ட யாரு பாத்தது?"

"நான்தான் சரிபாத்தேன்" என்றார் அண்ணாச்சி. பொய். அவர் அந்த லிஸ்ட்டைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

நாளையிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார் சார். அண்ணாச்சி டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு, மாரியப்பனையும் கூட்டிக்கொண்டு, வரி ஆபீஸுக்கே போய்க் காப்பியைக் காட்டி எழுதிக் கொடுத்தாராம். மாரியப்பன் தப்பித்தார்.

நான் மேலும் நாலு வருஷம் அதே ரூமில். கதவை யாரும் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு ஒருமுறை ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட் பக்கம் போனேன். வாசலில் மனு அடித்துக்கொண்டிருந்தார். பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன்.

"அண்ணாச்சி, அந்தப் பேரை அழிச்சது நான்தான்."

"தெரியும்மா. அந்த ரூம்ல இருந்ததே ரெண்டு பேரு."

"பொறவு ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா உன்னை அனுப்பிட்டு, அந்தக் கம்ப்யூட்டர் பெட்டி முன்னால என்னையல்லா உக்கார வச்சிருப்பாரு!"

சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை...

நாலு மணிக்கு அடக்கம். மதுரையிலிருந்து பஸ் ஏறிவிட்டேன். திருமங்கலம் தாண்டியாகிவிட்டது.

வாரேன் அண்ணாச்சி.