யுத்தகாலச் சட்டைக்கு அரிசிக் கஞ்சி

குளியல் தொட்டித் தண்ணீர் வெறுந்தேநீர் நிறத்துக்கு வந்தபோது எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். ஐம்பது வருஷத்து அழுக்கு, போய்த் தொலையட்டும் என்று இன்னும் நாலு கும்மு கும்மினேன். விறைப்பாக நின்ற பாவாடை கொஞ்சம் கொஞ்சமாகக் குழைந்து, கடைசியில் தொட்டியின் அடியில் நனைந்த கந்தலாகப் படுத்துவிட்டது. அதற்குப் பிறகுதான் என் கெட்டித்தனம் எனக்கு விளங்கியது.

அது ஒரு பாலே நடனச் சட்டை, மேல்பகுதியும் பாவாடையும் சேர்த்துத் தைத்தது. தொண்ணூறுகளின் நடுவில், லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் கால்மணி நேரத்தில் போகக்கூடிய ஒரு தையல்கூடத்தில் நான் வேலைசெய்தேன். பாலே ஆடுபவர்களுக்கு உடுப்புத் தைத்தும், வாடகைக்குக் கொடுத்தும் வந்த இடம். எங்களுக்கு மேலாளராக இருந்தவர் எழுபது வயது வெள்ளைக்காரப் பெண்மணி. எல்லோரும் ‘மிஸ்’ என்றே கூப்பிடுவோம். கால் அங்குலம் பிசகினாலும் பிரிக்கவைப்பார். பிரித்துத் தைத்துக் கொண்டுபோனால் “இப்போது சரி” என்பார், அவ்வளவுதான். ஊரில் பள்ளிக்கூடத்துக்குப் போன காலத்திலும் நான் ஒருவருக்கும் அப்படிப் பயந்ததில்லை. ஆனால் என் நொண்டி ஆங்கிலத்தை இடைமறிக்காமல், நான் முடிக்கும்வரை காத்திருந்து கேட்டவர் லண்டனில் அவர் ஒருவர்தான்.

மிஸ் இளம் வயதில் உலக யுத்தக் காலத்தில் ஆடியவர். தொழிற்சாலைகளிலும் இராணுவ முகாம்களிலும் மேடை போட்டு ஆடிய ஒரு சின்னக் குழு அவருடையது. துணிக்குக் கூப்பன் கொடுத்த காலம். பட்டும் சாட்டினும் கண்ணில் படாது. குண்டுபோட வரும் விமானத்துக்கு வெளிச்சம் தெரியாமல் யன்னலுக்குத் தொங்கவிட்ட கறுப்புத் துணியில் மேல்பகுதி, பால்கட்டி வடிக்கிற மெல்லிய மஸ்லினில் பாவாடை. காலில் போட்டு ஆடும் சப்பாத்தின் முனை கிழிந்தால் நூலால் பின்னிப் பின்னி இன்னும் இரண்டு வாரம் ஓட்டுவார்களாம். “அதற்குத்தான் அப்போது ஃபேஷன் என்று பெயர்” என்று சொல்லி மிஸ் சிரித்தார். யாழ்ப்பாணத்தில் எங்கள் யுத்தத்துக்குள் என் அக்கா பழைய சீலையை வெட்டிப் பிள்ளைகளுக்கு உடுப்புத் தைத்துக்கொண்டிருந்த வருஷம் அது. எங்கள் ஊரிலும் இப்போது இதுதான் ஃபேஷன், மிஸ் என்றேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

யுத்தம் முடிந்து ஐம்பது வருஷம் என்று நூலக மண்டபத்தில் ஒரு கண்காட்சி வைத்தார்கள். அதற்காக மிஸ் தன் தகரப் பெட்டியிலிருந்து இந்தச் சட்டையை எடுத்துவந்தார். அது அவருடையதல்ல, கூட ஆடிய சிநேகிதியுடையது. ஒரு ஆட்டம் முடிந்ததும் கழற்றி மிஸ்ஸின் பெட்டியில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனவள், அந்த வாரமே வீட்டின்மேல் குண்டு விழுந்து இறந்துபோனாள். இதை மிஸ் ஒரு வியாழக்கிழமை பின்னேரம் சொன்னார். சனிக்கிழமை கண்காட்சி, பாவாடை ஓரம் கிழிந்திருக்கிறது, வீட்டுக்குக் கொண்டுபோய்த் தைத்துவா என்று என் கையில் தந்தார். வேறு ஒருத்தியிடமும் கொடுத்திருக்கமாட்டார் என்ற பெருமையில் பஸ் முழுக்க மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டு வாசலில் வைத்துத்தான் அது செத்தவளின் சட்டை என்பது உறைத்தது. செத்தவீட்டுக்குப் போய்வந்தால் உடுத்ததைத் தோய்த்துத் தலைமுழுகாமல் நாங்கள் வீட்டுக்குள் புழங்கமாட்டோம். அதற்கு இரண்டு மாதத்துக்கு முன்தான் ஊரில் என் தம்பி குண்டுவீச்சில் போயிருந்தான். கடிதம் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவனுக்காக நான் ஒரு துணி தோய்க்கவில்லை, ஒரு வாளி தண்ணீர் ஊற்றிக்கொள்ளவில்லை. அதை நினைத்துத்தான் குழாயைத் திறந்தேனா என்று கேட்டால் சத்தியமாகத் தெரியாது. பழைய நடன உடுப்பைத் தண்ணீரில் போட்டவர் மறுநாள் வேலைக்கு வரத் தேவையில்லை என்பது தையல்கூடத்து முதலாளியின் சட்டம். அது வாடகை உடுப்புக்குத்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் வந்து தொட்டியை எட்டிப் பார்த்தார். “உமக்கென்ன விசரே? ஆர் உம்மைத் தோய்க்கச் சொன்னது?” இவருக்கு அப்போது வேலையில்லை, என் சம்பளத்தில்தான் அடுப்பெரிந்தது. பாவாடையை நிறுத்தியிருந்தது கஞ்சிப்பசை, அது கரைந்துபோய்விட்டது என்று அழாக்குறையாகச் சொன்னேன். “கஞ்சிதானே, வைக்க ஏலாதே?” என்றார். திரும்பக் கஞ்சி போடலாம் என்பது எனக்கு அதுவரைக்கும் தோன்றவேயில்லை! வீட்டில் இருந்தது சிவப்புக் குத்தரிசி. அதில் வைத்தால் துணி நிறம் மாறும். விடிந்ததும் தமிழ்க்கடைக்கு ஓடிப்போய் வெள்ளைப் பச்சையரிசி வாங்கிவந்தார். கிழிந்த ஓரத்தைத் தைத்துவிட்டு, சீலைக்குப் போடுவதைவிடத் தடிப்பாகக் கஞ்சி வைத்து, வடித்து, ஒவ்வொரு மடிப்பாகத் தோய்த்து, தலைகீழாகத் தொங்கவிட்டு, ஈரம் காயுமுன் இஸ்திரி போட்டேன். மத்தியானம் பாவாடை எழும்பி நின்றது. “இப்ப போம், ஒண்டும் தெரியாது” என்று இவர் பஸ் தரிப்புவரை வந்து ஏற்றிவிட்டார்.

தையல்கூடத்தில் சட்டையை வாங்கிய மிஸ் பாவாடையைப் பார்க்கவேயில்லை. சட்டையின் கக்கத்தை மூக்கருகில் கொண்டுபோனார். மற்றக் கக்கத்தையும் முகர்ந்தார். “அவளுடைய பவுடர் வாசம் இங்கே இருந்தது. வியர்வையும்” என்றார். “வருஷத்தில் ஒரு தடவை எடுத்து மணந்து பார்ப்பேன்.”

விறைப்பைத் திருப்பிக் கொண்டுவரலாம், இதற்கு எந்த அரிசியில் கஞ்சி வைப்பது? அவர் திட்டியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். என்னிடம் இருந்த ஆங்கிலம் முழுவதையும் கொட்டினேன்: தம்பி, குண்டு, கடிதம் பிந்தியது, நான் ஒன்றும் தோய்க்காமல் இருந்தது. மிஸ் வழக்கம்போல முடியும்வரை கேட்டார். பிறகு, “போய் உன் வேலையைப் பார்” என்றார். என் வேலை அன்றோடு சரி என்றுதான் வீட்டுக்குப் போய் இவரிடம் சொன்னேன்.

சனிக்கிழமை மண்டபத்துக்குப் போகாமல் இருந்திருக்கலாம். போனேன். முதலாளி சட்டையின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். தொழில் தெரிந்த மனுஷன், கண்டுபிடித்துவிட்டார். “இதைத் தண்ணீரில் போட்டது யார்?” என்று மிஸ்ஸும் நானும் நின்ற பக்கம் திரும்பினார்.

“நான்தான் தோய்க்கச் சொன்னேன்” என்றார் மிஸ். “ஐம்பது வருஷம் அழுக்கோடு வைத்திருந்தேன். போதும்.”

கால் அங்குலத்துக்குக்கூடப் பொய்சொல்லாத மனுஷி. முதலாளி தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு அந்தக் கூடத்தில் பதினொரு வருஷம் வேலைசெய்தேன், அந்த வேலையில்தான் பிள்ளைகள் படித்தார்கள். இன்று மிஸ் இல்லை. அவருடைய அன்றைய வயது எனக்கு வந்துவிட்டது. இந்த நாட்டில் எனக்கு எத்தனையோ பேர் நல்லது செய்திருக்கிறார்கள். ஆனால் நான் கெடுத்ததைத் தன் தலையில் போட்டுக்கொண்டவர் அவர் ஒருவர்தான். அதற்கு நன்றி என்று ஒரு சொல் சொல்ல அன்று எனக்கு வாய் வரவில்லை.

ஏனென்றால் முதலாளி அப்பால் போனதும் மிஸ் என் பக்கத்தில் வந்து, “உன் சகோதரனை நீ எப்படிக் கூப்பிடுவாய்?” என்று கேட்டார்.

“தம்பி” என்றேன்.

“டம்பி” என்றார். இல்லையென்று தலையாட்டினேன். தான் தைத்ததைத் தானே பிரிப்பவர்போல நிதானமாக இன்னொரு தரம் முயன்றார். “தம்பி.”

கடிதம் வந்த நாளிலிருந்து வராத அழுகை அந்த மண்டபத்தில் வைத்து வந்தது. மிஸ், வந்திருந்த சனம் என்னைப் பார்க்காதபடி எனக்கு முன்னால் வந்து நின்று, நான் அழுது முடிக்கும்வரை அப்படியே நின்றார்.