காலை 6.10, பெயர் இல்லை

பல்கலைக்கழகத்தின் கணினிப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கடைசிப் பத்து வருஷமும் வெப்சைட் வேலைதான். போடியிலிருந்து குரங்கணி போகிற ரோட்டில் எங்கள் வளாகம். பதினொரு துறைகள், பதினொரு வெப்சைட்டுகள். நான் பொறுப்பேற்றபோது ஒவ்வொரு துறையும் தன் இஷ்டத்துக்கு அலங்காரம் பண்ணி வைத்திருந்தது. ஒரு துறையின் முதல் பக்கத்தில் மேலிருந்து கீழே ஏலக்காய் மழை கொட்டும். அதையெல்லாம் நிறுத்தி, பக்கத்தின் தோற்றத்துக்கு எல்லோருக்கும் ஒரே தீம், வேலைகளுக்கு ஒரே மாட்யூல்கள் என்று சர்வரில் ஒரு பொது ஃபோல்டர் போட்டேன். அங்கே ஒரு வரி மாற்றினால் எல்லாப் பக்கமும் மாறும். அந்தப் பெருமையில் கொஞ்ச நாள் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

வணிகவியல் துறை மட்டும் ஒத்துவரவில்லை. எல்லாவற்றையும் நகல் எடுத்துத் தன் ஃபோல்டரில் தனியாகப் போட்டுக்கொண்டது. அங்கே அலுவலகத்தைப் பார்த்துக்கொண்ட தனலட்சுமி, "நீங்க பாட்டுக்கு எதையாச்சும் மாத்துவீக, எங்க பக்கமும் சேந்து படுத்துக்கிரும்ணே. எங்களது எங்ககிட்டயே இருக்கட்டும்" என்றார். அவரை நான் திட்டாத நாளில்லை.

மலைப் பதிவு

நான் எழுதிய மாட்யூல்களில் எனக்குப் பிடித்தது 'மலைப் பதிவு'. குரங்கணிக்கு மேலே எங்களுக்கு ஆராய்ச்சித் தோட்டம் உண்டு. காலையில் ஜீப்பில் ஏறுகிறவர்கள் போனில் பெயரைப் பதிய வேண்டும். இறங்கியதும் 'இறங்கியாச்சு' என்று அமுக்க வேண்டும். இன்னும் இறங்காதவர்களின் பெயர், ஏறிய நேரம், மொத்த எண்ணிக்கை மூன்றும் எல்லாத் துறைப் பக்கத்திலும் ஓரமாக ஒரு கட்டத்தில் தெரியும்.

காலையில் ஏற்றுகிற டிரைவர் வேறு, மாலையில் இறக்குகிறவர் வேறு. சிலர் குறுக்குப் பாதையில் நடந்தே வந்துவிடுவார்கள். அதனால் மாலை டிரைவர் பாண்டி, ஐந்து மணிக்குத் தோட்டத்து ஷெட்டில் நின்று போனில் அந்தக் கட்டத்தைப் பார்ப்பார். ஆள் பாக்கி இருந்தால் மூன்று ஹாரன் அடித்துக் காத்திருப்பார். எண்ணிக்கை பூஜ்யம் என்றால் ஒரே ஹாரன், கிளம்பிவிடுவார். அந்தச் சரிவில் வேலை பார்க்கிற எல்லோருக்கும் இது பாடம்.

காலி வரி

ஒரு மழைக்காலத்தில் அந்தக் கட்டத்தில் ஒரு காலி வரி வந்தது. பெயர் இல்லை. ஏறிய நேரம் மட்டும் காலை 6.10. மறுநாளும் அதே 6.10. ஜீப்பே ஓடாத ஞாயிற்றுக்கிழமையும் 6.10. டேட்டாபேஸில் தேடினேன், அப்படி ஒரு பதிவே இல்லை. சர்வர் சேர்த்து வைத்திருந்த தற்காலிக நகலை அழித்தேன், சர்வரை நிறுத்தி எழுப்பினேன். கட்டம் 'ஒன்று' என்றே காட்டியது. முதலில் எனக்குப் பயம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. நான் எழுதிய புரோகிராம் என்னிடமே பொய் சொல்கிறதே என்ற எரிச்சல்.

பாண்டிக்கு எரிச்சல் இல்லை. "ஒண்ணுன்னு காட்டுதே சார். ஆளில்லாம எப்பிடி ஒண்ணு வரும்?" என்று தினமும் மூன்று ஹாரன் அடித்து முக்கால் மணி நேரம் நின்றார்.

"நின்னு என்னய்யா கண்ட?"

"மூணு அடிச்சா கீழ ஏலச்செடிக்குள்ள எதுவோ மேல ஏறி வர்ற மாதிரி அசையுது சார். ஜீப்ப விட்டு இறங்குனா நின்னுருது."

காட்டுமாடாக இருக்கும் என்றேன். காட்டுமாடு எப்படி வரும் என்று தனக்குத் தெரியும் என்றார் பாண்டி. அதற்குமேல் நான் கேட்கவில்லை.

பதிவாளர் கூப்பிட்டுவிட்டார். "ஒரு காலி வரிக்காக ஜீப்ப தினம் நிப்பாட்டி வச்சிருக்கீகளாம்ல? வெரசா அத எடுத்து விடுய்யா."

எடுக்க முடிந்தால்தானே? காரணம் தெரியாததை ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. பொது தீமில் இரண்டு வரி சேர்த்தேன்: பெயர் இல்லாத பதிவைக் காட்டாதே, எண்ணாதே. பத்துப் பக்கத்திலும் பூஜ்யம் வந்தது. பாண்டி அன்று ஒரே ஹாரன் அடித்தார். ஒரு மாதம் நிம்மதி.

இரண்டு

அன்று மலையை மேகம் முழுசாக மூடியிருந்தது. ஐந்தரை மணிக்கு நான் பையை எடுக்கும்போது தனலட்சுமி வந்து நின்றார்.

"அண்ணே, மத்த பக்கத்துல எல்லாம் சைபர் காட்டுது. எங்களதுல தினம் ஒண்ணு நிக்கும், நானும் பாத்துப் பாத்துப் பழகிட்டேன். இன்னைக்கு ரெண்டு நிக்குதுண்ணே."

வணிகவியல் பக்கத்தைத் திறந்தேன். நகல் எடுத்த பழைய தீம், என் இரண்டு வரி அதில் இல்லை. பெயரில்லாத வரிகள் இரண்டு நின்றன. இரண்டிலும் காலை 6.10.

டேட்டாபேஸைத் திறந்தேன். இந்தத் தடவை ஒரு பதிவு நிஜமாகவே இருந்தது. ஏறுகிற இடத்தில் சிக்னல் அறுந்து, பெயர் போய் நேரம் மட்டும் வந்து சேர்ந்திருக்கிறது. யாரோ மேலே இருக்கிறார்கள். நான் அவரை அழித்திருக்கிறேன்.

பாண்டி அதற்குள் குரங்கணிக்கு இறங்கிவிட்டார். போனில் சொன்னதும் ஜீப்பைத் திருப்பினார். நான் பைக்கில் குரங்கணி போய்க் காத்திருந்தேன். அந்த ஒன்றே கால் மணி நேரத்தில் நான் கும்பிடாத சாமி இல்லை.

பாண்டி ஒரு பெண்ணைக் கூட்டி வந்தார். தாவர நோய் ஆய்வு மாணவி ராஜகுமாரி. ஓடைப் பக்கம் வழுக்கிக் கணுக்கால் பிசகி எழ முடியாமல் கிடந்திருக்கிறாள். அங்கே போனில் சிக்னலும் இல்லை. உதடு நீலமாக இருந்தது. என்னைப் பார்த்ததும் சொன்னாள்:

"ஹாரன் கேட்டுச்சு சார். மூணு அடிப்பாகன்னு காத்துக்கிட்டே இருந்தேன். ஒண்ணோட நிப்பாட்டிட்டாக. ஒரு ஹாரன்னா எல்லாரும் இறங்கியாச்சுன்னுதான சார் அர்த்தம்? அப்ப நான் யாருன்னு தோணிருச்சு."

அழுதுவிட்டேன்.

மறுநாள் காலை முதல் வேலையாக நான் சேர்த்த இரண்டு வரியைத் தீமிலிருந்து நீக்கினேன். காலி வரி மறுபடி வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. மாதக்கணக்கில் தினமும் வந்துகொண்டிருந்த 6.10, அந்தப் பெண் இறங்கிய நாளோடு நின்றுவிட்டது. அதன் பிறகுதான் எனக்குப் பயம் வந்தது.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். பல பேர் பகிர்ந்துகொள்ளும் புரோகிராமில், உங்களுக்குப் புரியாத ஒன்றைக் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்காதீர்கள். புரியவில்லை என்று எழுதி வையுங்கள், அது வெட்கமில்லை. அந்த மாட்யூலின் தலையில் இதைத் தமிழிலேயே எழுதிவிட்டுத்தான் ஓய்வு பெற்றேன். தனலட்சுமியின் நகலைத் தொடவில்லை.

ஓய்வுக்கு முந்தின மாதம் கட்டத்தில் மறுபடி ஒரு காலி வரி வந்தது. இந்தத் தடவை காலை 7.25. டேட்டாபேஸில் இல்லை. பதிவாளரிடம் காட்டினேன். அவர் எடுத்துவிடச் சொல்லவில்லை. பாண்டி மட்டும் கேட்டார்.

"இது யாரு சார்?"

"தெரியல பாண்டி."

"சரி. மூணே அடிக்கிறேன்."

இப்போதும் தினமும் ஐந்து மணிக்கு வீட்டில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தைத் திறக்கிறேன். 7.25 என்று ஒரு வரி நின்றால், அப்பாடா என்று போனை வைத்துவிடுவேன். 7.25 இரண்டு வரியாக நிற்கிறதா என்றுதான் பார்க்கிறேன்.