சகலையின் பெடல்

என் சகலையைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் நாற்பது சொல்வேன். ஒவ்வொன்றைச் சொல்லும்போதும் வயிறு எரியும், அது வேறு விஷயம்.

நான் மூத்தவளைக் கட்டியவன், அவர் இளையவளைக் கட்டியவர். எனக்குப் பகலில் லிஃப்ட் ரிப்பேர் வேலை. அவருக்குப் பல் ஆஸ்பத்திரியில், மாடிப்படிக்குக் கீழே இருக்கிற சின்ன அறையில், பல்செட் செய்கிற வேலை. இரண்டு பேருமே டிரம் வாசிப்பவர்கள். ஒரே மாமியாருக்கு இரண்டு டிரம்மர் மாப்பிள்ளைகள் வாய்த்தது அந்த அம்மாள் செய்த பாவமோ புண்ணியமோ, ஒப்பிட்டுப் பார்க்க அவருக்கு ரொம்ப வசதியாகப் போய்விட்டது. "சின்ன மாப்பிள்ளை வாசிக்கும்போது அந்த முகத்தைப் பாருங்க, எவ்வளவு அமைதி!" என்பார். நான் வாசிக்கும்போது லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவன் மாதிரி இருக்கிறேனாம்.

சகலைக்கு எப்போதும் காது மடலில் பல் அச்சு எடுக்கிற பிளாஸ்டர் மாவு ஒட்டியிருக்கும். யார் வாயைத் திறந்து சிரித்தாலும் எத்தனை பல் சொந்தம், எத்தனை கட்டியது என்று அவருக்குத் தெரிந்துவிடும். ஆனால் வெளியே சொல்ல மாட்டார். பல்லே இல்லாத ஒருவர் புது செட்டை மாட்டிக்கொண்டு முதல் தடவை கண்ணாடி பார்க்கும்போது, இவர் கதவுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்துவிட்டுத் தன் அறைக்குப் போய்விடுவாராம். கொழுந்தியாதான் சொன்னாள். இப்படிப்பட்ட மனுஷனைத் திட்டவும் முடியாது. யாராவது கொஞ்சம் கெட்டவராக இருந்தால்தானே நமக்கும் மூச்சு விட வசதியாக இருக்கும்!

நாங்கள் வாசிக்கிற இடமும் ஒன்றுதான். ஒரு ஓட்டலின் முதல் மாடியில் சாப்பாட்டுக் கூடம், அதன் மூலையில் மேடை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான், சனிக்கிழமை சாயங்காலம் அவர். டிரம் செட் ஓட்டலுக்குச் சொந்தம், மேடையிலேயே கிடக்கும். நாங்கள் கையோடு கொண்டுபோவது குச்சியும் பெடலும் மட்டும். பெடலைப் பெரிய டிரம்மின் அடியில் மாட்ட வேண்டும். காலால் மிதித்தால் தலையில் உருண்டை வைத்த ஒரு தண்டு முன்னே போய் டிரம்மை அடிக்கும். அவ்வளவுதான் அதன் வேலை. ஆனால் யாருடைய டிரம்மிலோ உட்கார்ந்து பிழைக்கிறவனுக்கு என்னுடையது என்று சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான் உண்டு. அடுத்தவர் பெடலில் கேட்காமல் கால் வைப்பது, அடுத்தவர் பிரஷ்ஷை எடுத்துப் பல் தேய்ப்பது மாதிரி.

என்னுடையதற்குப் பதினெட்டு வயது. போன வருஷம் சகலை ஒரு புதுப் பெடல் வாங்கினார். என்னுடைய ஒன்றரை மாதச் சம்பளம். அதற்கென்று தனிப்பெட்டி, பெட்டிக்குள் பஞ்சு மெத்தை. என் பிள்ளை பிறந்தபோது அவனுக்குக்கூட அப்படி ஒரு மெத்தை நான் வாங்கவில்லை.

எங்கள் ஆட்கள் வாடகைக்கு எடுத்துப் பழகுகிற அறை ஒன்று அச்சகத்துக்குக் கீழே இருக்கிறது. தன் நேரம் வரும்வரை எல்லா டிரம்மரும் எதிரே டீக்கடையில்தான் நிற்பார்கள். ஒரு மாசம் அங்கே இந்தப் பெடலைத் தவிர வேறு பேச்சே இல்லை.

"அந்தக் காசுக்கு என் வண்டிக்கு நாலு டயர் போடலாம். டயராவது ஊரைச் சுத்தும்" என்றார் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற டிரம்மர்.

ஜிம்மில் வேலை பார்ப்பவர் விடவில்லை. "அண்ணே, அதோட பேரிங் எப்படி இருக்குன்னு தெரியுமா? மிதிச்சா சத்தமே கெடையாது. காலுக்குக் கீழ ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும்."

"ஒண்ணுமே இல்லாததுக்கா இவ்வளவு காசு?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் சிரிக்கவில்லை. "அந்தப் பெடல்ல கால் வெச்சா கழுதைகூட வாசிக்கும். இதுல என்ன பெரிய வித்தை இருக்கு?" என்றேன். திரும்பிப் பார்த்தால் சகலை டீ கிளாஸோடு என் முதுகுக்குப் பின்னால் நிற்கிறார்.

"உண்மைதான் அண்ணே. எனக்கே வருதுன்னா பாத்துக்கோங்களேன்" என்று சிரித்தார்.

சண்டைக்கு வந்திருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். அதுதான் போகட்டும் என்று வாயை மூடிக்கொண்டேனா? இல்லை. அதற்கப்புறமும் பார்க்கிறவர்களிடமெல்லாம் அதையே சொன்னேன். சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. ஒருநாள் அவர் கை கழுவப் போன நேரம் பார்த்து, அந்தப் பெட்டியைத் திறந்து, பெடலை ஒரே ஒரு விரலால் அழுத்தினேன். வழுக்கிக்கொண்டு போய் அப்படியே திரும்பி வந்தது. பெட்டியை மூடும்போது எனக்கு அழுகை வராத குறைதான்.

இந்த நேரத்தில்தான் ஓட்டல்காரர் வெள்ளிக்கிழமை வாசிப்பை நிறுத்தினார். இனி வாரத்துக்கு ஒரே சாயங்காலம், ஒரே டிரம்மர். குழுவை நடத்துகிற கீபோர்டு மாஸ்டர் எங்கள் இருவரையும் டீக்கடைக்கு வரச்சொன்னார்.

"நீங்க ரெண்டு பேரும் சொந்தக்காரங்க. மூஞ்சியைப் பாத்து ஒருத்தரை நிறுத்த என்னால முடியாது. அடுத்த ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் ஒரே பாட்டை வாசிங்க, பதிவு பண்ணி வெச்சுக்கறேன். யார் எதுன்னு சொல்லாம நம்ம பசங்ககிட்ட போட்டுக் காட்டுவேன். அவங்க கையைக் காட்டற ஆள் வாசிக்கட்டும்."

வாரம் முழுக்க இரண்டு மாடிக்கு நடுவே கிரீஸ் கையோடு தொங்குகிறவன் நான். அந்த ஒரு சாயங்காலம்தான் சட்டையை இஸ்திரி போட்டு, நாலு பேர் முன்னால் ஆளாக உட்காருவது. அது போனால் நான் வெறும் லிஃப்ட்காரன்.

சகலை அப்போது சொன்னார். "மாஸ்டர், என்கிட்ட புதுசு, அண்ணன்கிட்ட பழசு. அது நியாயமில்ல. ரெண்டு பேரும் என் பெடல்லயே வாசிக்கறோம். அண்ணே, இப்பவே எடுத்துட்டுப் போங்க. ஒரு வாரம் வெச்சுப் பழகுங்க."

வேன்காரர், ஜிம்காரர், டீ ஆற்றுகிறவர் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். வேண்டாம் என்று சொன்னால் கழுதைப் பேச்சு என்ன ஆவது? சரி என்று எடுத்துப்போனால் பழக வேண்டியவன் என்றாகிவிடும்.

"அதுலயே வாசிக்கறேன். ஆனா பெடல் மிதிக்க எனக்கு ஒரு வாரமா? நான் என்ன நடை பழகற குழந்தையா?" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்த அச்சகத்து அறையில் முதலில் நான் உட்கார்ந்தேன். காதில் ஹெட்ஃபோன், அதில் டிக் டிக் என்று தாளம் காட்டும் சத்தம். காலை வைத்ததும் எனக்குப் பூரிப்பு தாங்கவில்லை. ஜிம்காரர் சொன்னது நிஜம், காலுக்குக் கீழே ஒன்றுமே இல்லை. பாட்டு முழுக்க இவ்வளவு சுகமாக நான் வாசித்ததே கிடையாது. எழுந்து வரும்போது ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். அடுத்து சகலை வாசித்தார், வழக்கம்போல அமைதியாக.

அப்புறம்தான் மாஸ்டர் வெளியே நின்ற குழு ஆட்களை உள்ளே கூப்பிட்டு இரண்டையும் போட்டுக் காட்டினார். முதல் பதிவில் நாலு வரி போவதற்குள் பாடகி கையைத் தூக்கினாள். "மாஸ்டர், இது ஓடுது. பெரிய டிரம் ஒவ்வொரு தடவையும் முன்னாடியே விழுது. இதுக்கு மேல என்னால பாட முடியாது." கிதார் வாசிப்பவரும் ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. என் பழைய பெடலில் கீல் தேய்ந்து ஆட்டம் கண்டிருந்தது. மிதித்த பிறகு ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் அது அடிக்கும். அந்த ஒரு கணத்தைச் சரிக்கட்ட, பதினெட்டு வருஷமாக என் கால் ஒரு கணம் முன்னாலேயே மிதிக்கப் பழகியிருந்தது. அது எனக்கே தெரியாது. சகலையின் பெடல் யோசிக்கிற ஜாதி இல்லை. மிதித்த அந்த நிமிஷமே அடித்தது. ஒரு வாரம் வீட்டில் வைத்துப் பழகியிருந்தால் இரண்டாம் நாளே தெரிந்திருக்கும். குழந்தையா என்று கேட்டேன் அல்லவா, குழந்தைக்காவது விழுந்தால் எழுந்திருக்க நேரம் கொடுப்பார்கள்.

சனிக்கிழமை அவருக்குப் போயிற்று. படியேறி வெளியே வரும்போது பின்னாலேயே வந்தார்.

"அண்ணே, எனக்கே இது கால்ல உக்கார நாலு மாசம் ஆச்சு. உங்க பெடல்லயே வாசிச்சிருந்தீங்கன்னா உங்களுக்குத்தான் கெடச்சிருக்கும்."

"சும்மா ஆறுதலுக்குச் சொல்லாதீங்க சகலை."

"ஆறுதல் இல்லண்ணே. எனக்குக் கல்யாணமான புதுசுல ஓட்டலுக்கு வந்து உங்க வாசிப்பைக் கேட்டேன். வீட்டுக்குப் போய் சோறு எறங்கல. அவ்வளவு பொறாமை. அப்பறம் தெனமும் வேலைக்குப் போறதுக்கு முன்னாடி தலையணைய நிறுத்தி வெச்சு அதுல பெடலை மிதிச்சேன். மூணு வருஷம். அப்பவும் உங்க சத்தம் வரல. சரி, பெடலையாவது மாத்திப் பாப்போம்னுதான் இதை வாங்கினேன்."

இதைக் கேட்டு என் மனசு குளிர்ந்திருக்க வேண்டும். குளிரவில்லை. இரண்டு பேரும் பட்டது ஒரே பொறாமைதான். அவர் அதை வைத்து மூன்று வருஷம் பழகினார். நான் அதை வைத்து டீக்கடையில் பேசினேன். பொறாமைப்படுவதில்கூட இந்த மனுஷன் என்னை முந்திக்கொண்டார்.

"சனிக்கிழமை வந்து கேட்டுட்டு, என்ன குறைன்னு சொல்லுங்கண்ணே. நீங்க சொன்னாத்தான் எனக்கு நம்பிக்கை" என்றார்.

போனேன். கடைசி மேஜையில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் குறை தேடினேன். ஒன்றுமில்லை. முடிந்ததும் வேர்வையைத் துடைத்துக்கொண்டே வந்து என் வாயையே பார்த்தார். ஒன்றுமில்லை என்று சொல்ல நாக்கு எழவில்லை.

"இடது கை கொஞ்சம் பாரமா விழுது" என்றேன். அப்பட்டமான பொய்.

"அப்படியா அண்ணே? எனக்குத் தெரியவே இல்ல. ரொம்ப நன்றி" என்றார்.

மறுவாரம் என் மனைவி தங்கையோடு போனில் பேசிவிட்டு வந்தாள். "அவர் காலைல அஞ்சு மணிக்கே எழுந்து இடது கையால தலையணைய அடிச்சிட்டிருக்காராம். அவளுக்குத் தூக்கமே போச்சாம். நீங்க என்ன சொல்லி வெச்சீங்க?"

மூன்று வாரம் மனசு அரித்தது. கடைசியில், போய் உண்மையைச் சொல்லிவிடுவோம், காறித் துப்பினாலும் துப்பட்டும் என்று கிளம்பி, அதே கடைசி மேஜையில் உட்கார்ந்தேன்.

அன்றைக்கு அந்த இடது கை செய்த வேலையை நான் இதுவரை யாரிடமும் கேட்டதில்லை. பூ உதிர்கிற மாதிரி அவ்வளவு லேசாக விழுந்தது. பாடகி பாடுவதை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். சாப்பிடுகிறவர்கள் கரண்டியைக் கீழே வைத்தார்கள்.

முடிந்ததும் நேரே என்னிடம் வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, நீங்க சொன்னது நூத்துக்கு நூறு சரி. இத்தனை வருஷமா பாரமாத்தான் அடிச்சிருக்கேன். நீங்க சொல்லலைன்னா செத்தாலும் எனக்குத் தெரிஞ்சிருக்காது."

சொல்ல வந்ததை விழுங்கினேன். "அடுத்த வாரமும் வாங்கண்ணே, வலது கையைப் பாத்துச் சொல்லுங்க" என்றார். சரி என்று தலையை ஆட்டினேன்.