ஆறு ஏட்டிலும் ஒரு கீரைக்கார அக்கா

அது 2008ஆம் ஆண்டு. கடலூர் முதுநகரிலிருந்து சிதம்பரத்துக்கு தினமும் பேருந்தில் போய், தாவரவியல் பட்டப்படிப்பில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். அன்று செய்முறைத் தேர்வு. முப்பது செடிகளை உலர்த்தித் தாளில் ஒட்டி, பெயர் எழுதிய ஏட்டைப் பத்து மணிக்குள் ஒப்படைக்க வேண்டும்.

எங்கள் செட்டில் ஆறு பேர். செடிக்குப் பெயர் சொல்வதில் நான்தான் புலி என்று எனக்கு ஒரு நினைப்பு. முப்பதாவது செடியாக, எங்கள் தெருக்கோடிக் காலி மனையில் படர்ந்து கிடந்த மூக்கிரட்டையை நானே பறித்து ஆறு பேருக்கும் பங்கு போட்டேன். "நல்லாப் பாத்தியாடி?" என்று கேட்டவளை, "எனக்கேவா?" என்று அடக்கிவிட்டேன். உலர்த்துவதற்குச் செடியை வைத்து அழுத்தும் பேப்பரைப் பத்து நாள் மாற்றியும் அதன் இலை காயாமல் அடம்பிடித்தது. அப்போதாவது யோசித்திருக்கலாம்.

பேருந்தில் ஏட்டை மடியில் பிரித்து வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஆலப்பாக்கத்தில் ஏறிய கீரைக்கார அக்கா ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தார். என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். கூடையைக் காலடியில் வைத்துவிட்டு என் ஏட்டை எட்டிப் பார்த்தார். தமிழ்ப் பெயரையும் எழுதி வைத்திருந்தேன், வந்தது வினை.

"இன்னா பாப்பா, சாரணைய ஒட்டி வச்சிட்டு மூக்கிரட்டைன்னு எழுதியிருக்க?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "இல்லக்கா, புக்கைப் பாத்துத்தான் எழுதினேன்" என்றேன். அவர் சண்டைக்கு வரவில்லை. கூடையிலிருந்து ஒரு கொடியை உருவி, அதன் நுனியை என் துப்பட்டாவில் லேசாகத் தேய்த்தார். குட்டிக் குட்டிக் காய்கள் துணியில் அப்படியே ஒட்டிக்கொண்டன.

"இதான் மூக்கிரட்ட. நூலாட்டம் காம்பு நீட்டிக்கினு பூக்கும், காய் துணியில ஒட்டும். சாரணப் பூ இலக்காம்புலயே ஒளிஞ்சிக்கினு கெடக்கும், இலையும் தடிப்பு. தெனம் பறிக்கற எங்களுக்கே அவசரத்துல மாறிப்பூடும்."

சட்டென்று ஏட்டை மூடினேன். ஒருத்தி தப்பாக எழுதினால் ஒரு மதிப்பெண்தான் போகும். ஆறு பேரும் ஒரே தப்பை எழுதியிருந்தால் கூட்டுக் காப்பி என்று ஏட்டையே தள்ளிவிடுவார்கள். என்னை நம்பிய ஐந்து பேரும் மாட்டுவார்கள்.

சிதம்பரத்தில் இறங்கி ஓடினேன். மணி ஒன்பதரை. விஷயத்தைச் சொன்னதும், "அடிப்பாவி, நீ சொன்னன்னுதானடி நான் பூவையே பாக்கல!" என்று ஒருத்தி முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு எல்லாருக்கும் சிரிப்பு. ஏட்டில் செடிகளைக் குடும்பவாரியாக அடுக்கியிருந்தோம்; சாரணை வேறு குடும்பம் என்பதால் தாளை இடம் மாற்றி, புதுப் பெயர்ச் சீட்டு வெட்டி ஒட்டினோம். நான் எழுத எழுத, மற்றவர்கள் பார்த்து எழுதினார்கள். சீட்டின் அடியில் 'இனம் கண்டவர்' என்று ஓர் இடம் உண்டு. மற்ற செடிகளுக்கெல்லாம் என் பெயரைப் போட்டிருந்தேன். இதற்குப் போடக் கை வரவில்லை. 'கீரைக்கார அக்கா, ஆலப்பாக்கம்' என்று எழுதினேன்.

மதியம் தேர்வாளர் எங்கள் ஆறு பேரையும் ஒன்றாகக் கூப்பிட்டார். மேசையில் ஆறு ஏடுகளும் ஒரே பக்கத்தில் திறந்து கிடந்தன.

"யாரும்மா இந்தக் கீரைக்கார அக்கா? ஆறு நோட்லயும் இருக்காங்க?"

என் அருமைத் தோழிகள் அந்த வரியையும் எழுத்துப் பிசகாமல் காப்பி அடித்திருந்தார்கள்! வேறு வழியில்லாமல் நடந்ததை எல்லாம் சொல்லி, துப்பட்டாவை நீட்டிக் காட்டினேன். காய்கள் இன்னும் ஒட்டிக்கொண்டுதான் இருந்தன. அவர் லென்ஸை வைத்துக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அடுத்த வருஷம் அவங்களையே எக்ஸாமினரா போடச் சொல்றேன்" என்றார். ஆறு பேரும் தேறினோம். அன்று நாங்கள் போட்ட கூத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

ஒரே குறை, அந்த அக்காவின் பெயரைக் கேட்காமலே இறங்கி ஓடிவிட்டேன். இப்போதும் செடிகளுக்குப் பெயர் எழுதுவதுதான் என் வேலை. சந்தேகம் வந்தால் கீரைக் கூடைக்காரரிடம் நீட்டிக் கேட்க எனக்கு வெட்கமே இல்லை, ஆனால் இப்போதெல்லாம் செடியின் பெயருக்கு முன்னால் அவர்கள் பெயரைத்தான் கேட்கிறேன்.