மருந்து சாப்டீங்களா, டிரசர்?

மருந்து கட்டும் எஸ்டேட் டிரசர் வேலையில் ஊசி போடுவது சுலபம்; போடுகிறவனே ஒரு காலத்தில் மனநோய் வார்டில் கிடந்தவன் என்று ஊருக்குத் தெரிந்தபின் வாயைத் திறப்பதுதான் கஷ்டம். அந்த வார்டுக்குப் போய்த் திரும்பியவர்களுக்கு நான் சொல்லி விளங்க வேண்டியதில்லை.

காய்ச்சல்காரி

எழுபதுகளின் கடைசி. காய்ச்சலில் நடுங்கிய ஒருத்திக்கு லீவு எழுதிக் கொடுத்தேன். ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி அதைக் கிழித்துப் போட்டு, மழையில் அவளைத் தேயிலைக் கொழுந்துக்கு விரட்டினார். நேரே போய், "மனுசனாய்யா நீ?" என்று கத்தினேன். அவர் பேனாவைக்கூடக் கீழே வைக்கவில்லை. "மருந்து சாப்டீங்களா, டிரசர்?"

பாராங்

லெட்சுமி பிள்ளை பெற்ற கையோடு, காதுக்குள் யாரோ ஏசுகிறார்கள் என்று அலறினாள். வீட்டார் மந்திரவாதியைத் தேடினார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்கும் கேட்டுச்சும்மா. இப்ப கேக்கல" என்றேன். அதை நம்பித்தான் ஆஸ்பத்திரி வண்டியில் ஏறினாள், குணமாகித் திரும்பினாள். பிள்ளையோ கம்போங் ராஜா ஊரில் மாமியாரிடம். மற்ற பெண்களோடு கொழுந்துக்குப் போனால்தான் பிள்ளை என்று மாமியார் சொல்லிவிட்டாள்.

கொழுந்து வெட்டக் கத்தரி வந்த புதிது. எல்லோருக்கும் கத்தரி கொடுத்த கங்காணி, இவளுக்கு மட்டும் புல் வெட்டப் பாராங் கத்தியைக் கொடுத்து ஒதுக்குப்புறமாக நிறுத்தினார். பைத்தியம் என்று பயந்தால் கத்தரியைவிடப் பெரிய கத்தியையா கையில் கொடுப்பது? கங்காணியிடமே கேட்டேன். "பாராங்னா அது தனியா நிக்கும்லா. கத்தரின்னா மத்த பொம்பளைங்க பக்கத்துல நிக்கணுமே, ஐயா."

துரையின் அன்பு

மானேஜர் துரையிடம் போனேன். பேசப் பேசக் குரல் ஏறியது, மேசையில் குத்திவிட்டேன். அவர் திட்டியிருந்தால் தேவலை. நோயாளியைப் பார்ப்பதுபோல் அன்பாகப் பார்த்தார். "லெட்சுமி விஷயம் இருக்கட்டும். மொதல்ல நீங்க டாக்டர்கிட்ட காட்டிட்டு வாங்க."

சிரிப்பு

எனக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். திரும்பி வந்தால், லெட்சுமி மற்ற பெண்களோடு நிரையில் நின்று கத்தரியால் வெட்டிக்கொண்டிருந்தாள். சில நாளில் பிள்ளையும் வந்துவிட்டது. நான் இல்லாத நாளில் லெட்சுமி தினமும் ஆபீஸ் வாசலில் நின்று சிரித்துச் சிரித்துக் கெஞ்சினாளாம். எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. "எதுக்கும்மா அவனுங்ககிட்ட சிரிக்கணும்?" என்று அவளிடமே எரிந்து விழுந்தேன். பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு சொன்னாள்: "நம்ம கத்துனா அவங்களுக்குக் கோவமா கேக்காது, அண்ணே. சீக்காத்தான் கேக்கும்."

ஆக, வார்டிலிருந்து வந்தவர்களுக்குக் கத்தரி கிடைக்கும், பிள்ளையும் கிடைக்கும். கோபப்பட மட்டும் டாக்டர் சீட்டு வேண்டும்.