சேவியருக்கு இரட்டைக் கொம்பு

சேவியர் இறந்துவிட்டான்.

இந்த ஒரு வரியை எழுதிவிட்டு வெகுநேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்... நான் எழுதியதுதான். ஆனாலும் நம்ப முடியவில்லை.

நேற்றுக் காலை கென்யாவிலிருந்து அவன் மகள் லில்லி போன் செய்தாள். காண்டாமிருகக் காட்டில் வேலி ஓரமாக நடந்துகொண்டிருந்தவன், கொஞ்சம் உட்காருகிறேன் என்றானாம். உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. நெஞ்சு வலி.

முந்தின நாள்தான் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தான். டிசம்பரில் வருகிறேன், சங்கரா மீன் வாங்கி வை என்று.

காலடிப்பேட்டை டீக்கடையில் எல்லோரும் ஒரே கேள்வி கேட்டார்கள். யானை மிதித்ததா, சிங்கம் அடித்ததா என்று.

இல்லை ஐயா. மிருகங்கள் அவனை ஒன்றும் செய்யவில்லை.

அவனைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ராயபுரத்துக்காரன். ஹார்பரில் நாங்கள் முப்பது வருடம் ஒரே கேங். கிரேனின் இரும்புக் கயிறு அறுந்தால் பின்னிச் சேர்ப்பது அவன் வேலை. சரக்கைக் கட்டிவிடுவது என் வேலை.

எனக்கு அப்போது எழுத்து தெரியாது. ஷிப்ட் போர்டில் என் பேர் இருக்கிறதா என்று அவன்தான் தினமும் பார்த்துச் சொல்வான். ஒருநாள் இல்லை என்றான். நான் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டேன். பேர் இருந்திருக்கிறது.

நாலு நாள் அவனோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் அவனே வந்தான்.

"தமாசுக்கு சொன்னேன் மாமு. நீ பாட்டுக்கு வூட்டுக்கு போய்க்கினே இருப்பேன்னு எனுக்கு இன்னா தெரியும்?"

ரிடையர் ஆன பிறகு, பேரன் பிறந்தான் என்று லில்லி வீட்டுக்குக் கென்யா போனான். பிளாட்டில் உட்கார்ந்து போர் அடித்திருக்கிறது. அந்த ஊர் சர்ச்சிலிருந்து ஒரு கூட்டத்தோடு காண்டாமிருகம் பார்க்கக் கூட்டிப் போயிருக்கிறார்கள். இவன் மிருகத்தைப் பார்க்கவில்லை, வேலியைப் பார்த்திருக்கிறான். இன்னா கம்பி கட்டிக்கீறானுங்க என்று அங்கேயே கட்டிங் பிளேயர் கேட்டு வாங்கி இழுத்துக் கட்டிவிட்டான். அடுத்த வாரமும் வரச் சொன்னார்கள்... அப்படியே ஐந்து வருடம்.

அங்கே வாலண்டரியாகச் சேர்ந்துவிட்டேன் என்று போனில் சொன்னபோது பதறிவிட்டேன். ஹார்பரில் வாலண்டரி என்றால் வேலையை விட்டுவிட்டு வீட்டுக்குப் போவது. போன மாதம்தானே சேர்ந்தாய், அதற்குள் ஏன் விட்டாய் என்று கேட்டேன். அரை மணி நேரம் சிரித்தான்.

திருடர்கள் கொம்புக்காகக் காண்டாமிருகத்தைக் கொல்கிறார்களாம். அதனால் டாக்டர்களே மயக்க ஊசி போட்டுக் கொம்பை அறுத்துவிடுகிறார்கள். நகம் மாதிரிதான், வலிக்காது, திரும்பவும் வளரும் என்று சொன்னான். ரம்பத்தின் சத்தத்தில் மிரளாமல் இருக்க அதன் காதில் சாக்ஸ் அடைக்க வேண்டும். அது சேவியர் வேலை.

போன வருடம் நான் முதியோர் வகுப்பில் சேர்ந்தேன். எனக்கு அறுபத்தொன்பது வயது. முதல் முதலாக நோட்டில் ஒரு கடிதம் எழுதி, போட்டோ எடுத்து அவனுக்கு அனுப்பினேன். அன்று எனக்கிருந்த சந்தோஷத்தை இப்போதும் எழுதத் தெரியவில்லை.

"செவியர் நலமா" என்று எழுதியிருந்தேன்.

எழுத்துக்கு முன்னால் போடுகிற சுழிக்குக் கொம்பு என்று பேர். செ என்றால் ஒற்றைக் கொம்பு. சே என்றால் இரட்டைக் கொம்பு. எனக்கு அது அப்போது பிடிபடவில்லை.

உடனே வாய்ஸ் வந்தது. "இன்னா மாமு, எம்பேர்ல ஒரு கொம்ப அறுத்துட்ட? இங்க ஒவ்வொண்ணுத்துக்கும் ரெண்டு கீது. காதுல சாக்ஸ் அடைக்கிறவன்னு செவியர் ஆக்கிட்டியா?"

அதற்கப்புறம் ஒரு நோட்டு முழுக்க அவன் பேரையே எழுதிப் பழகினேன். டிசம்பரில் வந்ததும் காட்டலாம் என்று வைத்திருந்தேன்...

நேற்று மாலை லில்லி ஒரு போட்டோ அனுப்பினாள். கல்லறையில் நடப்போகிற வெள்ளைச் சிலுவை. கறுப்பு பெயிண்டில் அவன் பேர்.

செவியர்.

அது என் எழுத்து. என் கோணல் அப்படியே இருக்கிறது.

என் கடிதத்தைப் பிரிண்ட் போட்டு அங்கே ஆபீஸ் சுவரில் ஒட்டியிருந்தானாம். முதல் சொல்லைத் தொட்டு, இதுதான் நான் என்று எல்லோருக்கும் காட்டுவானாம். அவனோடு வேலை செய்தவர்கள், அவன் பேரை அவன் பாஷையிலேயே எழுத வேண்டும் என்று அதைப் பார்த்து வரைந்திருக்கிறார்கள். லில்லி இங்கிலீஷ் மீடியம். தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது.

உடனே போன் போட்டேன். "லில்லி, ஒரு கொம்பு கொறையுதும்மா."

"காண்டாமிருகத்துக்கா அங்கிள்?"

"உங்கப்பனுக்கு."

அவன் பேரில் ஒரு சுழி விட்டுப்போனதைச் சொன்னேன். பிறகு, எழுதி அனுப்புங்கள், மாற்றச் சொல்கிறேன் என்றாள்.

காலண்டர் தாளின் பின்பக்கம் பெரிதாக எழுதினேன். எந்த இடத்தில் இன்னொரு சுழி வர வேண்டும் என்று சிவப்புப் பேனாவில் காட்டினேன். மூன்று தாள் வீணானது. நாலாவதை அனுப்பினேன்.

இன்று மதியம் அடக்கம். அதற்குக் கொஞ்சம் முன்னால் போட்டோ வந்தது. இரண்டாவது கொம்பு சின்னதாக இருக்கிறது, பெயிண்ட் லேசாக வழிந்திருக்கிறது. வகுப்பு டீச்சரிடம் ஓடிப் போய்க் காட்டினேன். சரியாக இருக்கிறது என்றார்.

சேவியர்.

ரெண்டும் கீது மாமு. போய் வா.