சோத்தாங்கையால் ஒரு ஜெராக்ஸ்

ஜெராக்ஸ் கடை வேலைக்கு மூளை வேண்டாம், இரண்டு கை இருந்தால் போதும் என்பார்கள். எனக்கு இருந்தது ஒன்றரை.

பேரையூர் தாலுகா ஆபீசுக்கு எதிரே எங்கள் கடை. ஸ்டெல்லா அக்கா ஓனர். வேலைக்கு நான் ஒருத்திதான். எட்டாவது படிக்கும்போது அப்பாவின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனேன். குறுக்கே நாய் வந்தது. அப்பாவுக்கு முட்டியில் சிராய்ப்பு. நான் வலது தோள் தரையில் இடிக்க விழுந்தேன். கழுத்து ஒரு பக்கமும் தோள் ஒரு பக்கமும் இழுத்ததில் நடுவில் போகிற நரம்பு பிய்ந்துவிட்டது. அது யாருக்கும் தெரியாது. எலும்பு என்று நினைத்துப் பச்சிலைக் கட்டுப் போட்டார்கள். கட்டை அவிழ்த்தபோது விரல்கள் ஆடின. முழங்கை மடங்கவில்லை, தோள் தூக்கவில்லை. "விரல் ஆடுதுல்ல, மத்ததும் தானா வந்துரும்" என்றார்கள். ஐந்து வருடம் காத்திருந்தோம். தானாக எதுவும் வரவில்லை.

கை போனதால்தான் பிளஸ் ஒன்னோடு படிப்பை விட்டேன் என்று ஊரில் சொல்வார்கள். நான் மறுத்ததில்லை. இப்போது சொல்லிவிடுகிறேன்: கணக்கு வரவில்லை, விட்டேன். இரண்டு கை இருந்தாலும் வந்திருக்காது. கவுண்டருக்குப் பின்னால் நின்று பிழைக்கிறவர்களே, இனி நான் சொல்லப் போவதில் பாதி உங்களுக்கும் நடந்திருக்கும்.

முதல் போணி

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், முதல் ஆள். பட்டா காப்பி எடுத்து இடது கையால் நீட்டினேன். வாங்கவில்லை. "காலங்காத்தால பீச்சாங்கையில நீட்டுறியே, உங்க வீட்ல சொல்லித் தரலையா?" என்றார். இடது கையால் வலது கையைப் பிடித்துத் தூக்கி, மீன் கடையில் மீனைப் போடுவதுபோலக் கவுண்டரில் போட்டேன். விரலிடுக்கில் பட்டாவைச் செருகினேன். அவர் முகம் மாறியது. "ஐயோ பாவம்" என்று உச் கொட்டிவிட்டு வாங்கிக்கொண்டு போனார். திட்டியபோது வராத கோபம் உச் கொட்டியபோது வந்தது. அதற்கப்புறம் மெஷின் சூடாகி நின்றாலும், பேப்பர் சிக்கினாலும், அரை மணி நேரம் ஆனாலும், யாரும் என்னைத் திட்டுவதில்லை. எல்லோரும் உச் கொட்டுவார்கள்.

முத்தையா அண்ணன் மட்டும் உச் கொட்டமாட்டார். தாலுகா ஆபீஸ் வாசலில் மேசை போட்டு மனு எழுதிக் கொடுக்கிறவர். ஒரு நாளைக்குப் பத்து தடவை கடைக்கு வருவார். கையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஆனால் இடது கையால் நீட்டினால் வாங்கவும் மாட்டார். ஏன் அண்ணே என்று ஒருநாள் நேராகவே கேட்டேன். "எனக்கு ஒண்ணுமில்லம்மா, மனு நல்லபடியா முடியணும்ல. டேபிள்ல வைம்மா, எடுத்துக்கிறேன்."

ஃபேன் காற்று

பத்துப் பக்கத்தை அடுக்கி ஸ்டேப்ளர் அடிக்க ஒரு கை பிடிக்க வேண்டும், ஒரு கை அமுக்க வேண்டும். நான் வலது கையைத் தூக்கிப் பேப்பர்மேல் கிடத்திவிட்டு இடது கையால் அடிப்பேன். ஃபேன் ஓடினாலும் ஒரு தாள் அசையாது. ஸ்டெல்லா அக்கா புருஷன் மிஷன் பள்ளியில் கிளார்க். அங்கேயிருந்து கண்ணாடியில் ஒரு பேப்பர் வெயிட் கொண்டுவந்து எனக்கென்று வைத்தார். ஸ்டெல்லா அக்கா அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள், திருப்பி அவரிடமே கொடுத்தாள். "இத நீங்களே வச்சுக்கங்க, இவ கை இதவிட வெயிட்டு."

படிக்கக் கூடாதது

இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோரும் செய்கிற தப்பு ஒன்று உண்டு. யாரும் ஒப்புக்கொள்ளமாட்டோம். காப்பி எடுக்கிற தாளைப் படிப்போம். யார் யாரை விவாகரத்து செய்கிறார், யார் அண்ணன்மேல் கேஸ் போட்டிருக்கிறார், எல்லாம் மெஷின் வெளிச்சம் ஓடி முடிவதற்குள் தெரிந்துவிடும். படிக்கக் கூடாது என்பது எனக்கும் தெரியும்.

ஒருநாள் ஐம்பது வயது இருக்கும் ஒருவர், மகனுடைய ஆஸ்பத்திரி ஃபைலைக் கொண்டுவந்தார். காப்பீட்டு அட்டைக்கு ஏதோ கேட்டார்களாம். என் இங்கிலீஷ் அரைகுறை. ஆனால் கடைசித் தாளில் இரண்டு போட்டோ இருந்தது. முதல் போட்டோவில் ஒரு பையன் சட்டையில்லாமல் நிற்கிறான். வலது கை என் கை மாதிரியே தொங்குகிறது, என் தோள் மாதிரியே குழி. இரண்டாவது போட்டோவில் அதே பையன், அதே கையை மடக்கித் தண்ணீர் பாட்டில் பிடித்திருக்கிறான். நான் மூடியை மூடாமல் நின்றுவிட்டேன். பச்சை வெளிச்சம் கண்ணில் அடித்தது.

"என்னம்மா, சிக்கிருச்சா?" என்றார்.

"இது எப்ப அடிபட்டது?" என்று கேட்டேன். பைக்கில் விழுந்து மூணு வருஷம் கழித்துத்தான் ஆபரேஷன் என்றார். பிறகுதான் நான் அதைப் படித்திருக்கிறேன் என்பது அவருக்குப் புரிந்தது. முறைத்தார். நான் என் கையைத் தூக்கிக் கவுண்டரில் போட்டேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். உச் கொட்டவில்லை. "டாக்டர் பேரு மொதப் பக்கத்துல இருக்கு. அதுல ஒண்ணு உனக்கு எடுத்துக்க."

உபரி

மதுரையில் அந்த ஆஸ்பத்திரி. டாக்டருக்கு என் அவசரத்தைவிட அதிக அவசரம், அதனால் எனக்கு அவரைப் பிடித்துப்போனது. இப்போது நரம்பை ஒட்டவைத்துப் பிரயோசனமில்லை, அஞ்சு வருஷமாக உத்தரவு வராமல் சதையே செத்துவிட்டது என்றார். தொடையின் உள்பக்கத்திலிருந்து ஒரு சதையை எடுத்துக் கையில் தைக்க வேண்டும். அதற்கு உத்தரவு கொடுக்க விலா எலும்பு ஓரமாக மூச்சுக்கு ஓடுகிற நரம்பைத் திருப்பிவிட வேண்டும். "முழுக் கையத் தர்றேன்னு பொய் சொல்லமாட்டேன். தோள் தூக்காது. முழங்கை மடங்கும், மடங்காமலும் போகலாம். அசையுறதுக்கே மாசக்கணக்குல ஆகும்" என்றார். நான் உடனே சரி என்றேன்.

அம்மா சரி சொல்லவில்லை. அம்மா களை எடுக்கப் போகிறவள். தொடையும் முதுகும் போனால் என்ன ஆகும் என்பது அவளுக்கு டாக்டரைவிட நன்றாகத் தெரியும். "ஒரு கைதேன் இல்ல. காலும் போச்சுன்னா இவள யாரு பாப்பா?" என்றாள். அந்தத் தொடைச் சதை உபரிதான், எடுத்தால் நடைக்கு ஒன்றும் ஆகாது என்று டாக்டர் படம் வரைந்து காட்டினார். அம்மா படத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு கையெழுத்துப் போட்டாள். "எங்களுக்கு எதுவுமே உபரியா இருந்ததில்ல சார், பாத்து எடுங்க."

பெருமூச்சு

ஆபரேஷன் முடிந்தது. கால் நன்றாக நடந்தது. கை அப்படியே தொங்கியது. மூன்று மாதம் கழித்துக் கடைக்குத் திரும்பினேன். மூச்சு நரம்பை இழுத்துத் தைத்திருப்பதால் மூச்சை இழுத்துக்கொண்டே கையை மடக்குவதாக நினைக்க வேண்டும், தினம் நூறு தடவை என்று பிசியோதெரபி அக்கா சொல்லியிருந்தாள். தனியாக உட்கார்ந்து மூச்சு விட எனக்குப் பொறுமை கிடையாது. அதனால் ஒரு காப்பிக்கு ஒரு மூச்சு என்று வைத்துக்கொண்டேன். வெளிச்சம் ஓடும்போது இழுப்பேன், தாள் வெளியே வரும்போது விடுவேன். நான்கு மாதம், ஐந்து மாதம். ஒன்றுமில்லை. தொடைத் தழும்பைப் பார்க்கும்போதெல்லாம் அம்மா சொன்னது சரியோ என்று தோன்றும். அதை அம்மாவிடம் சொல்லவில்லை.

ஒரு மத்தியானம், ரேஷன் கார்டும் ஆதாரும் எடுக்க வந்த ஒரு அக்கா கவுண்டரில் முழங்கையை ஊன்றி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டுக் காப்பி, எட்டுப் பெருமூச்சு. காப்பியை வாங்கிப் பையில் வைத்துவிட்டு, யாருக்கும் கேட்காமல் குனிந்து சொன்னாள். "எவன்டி அவன்? பேரச் சொல்லு, நான் போயி பேசுறேன்."

தும்மல்

ஆறாம் மாதம் மேல்கையில் தோலுக்கடியில் எலி ஓடுவதுபோல ஒரு துடிப்பு வந்தது. கை மட்டும் நகரவில்லை. யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். சொன்னால் எல்லோரும் "எங்க, ஆட்டிக் காட்டு" என்பார்கள்.

எட்டாம் மாதம் டோனர் தீர்ந்தது. மெஷினைத் திறந்து மாற்றிக்கொண்டிருந்தேன். தலையாரி வெள்ளைச் சட்டையில் வந்து, சீக்கிரம் சீக்கிரம் என்று மெஷின் பக்கத்திலேயே தலையை நீட்டி நின்றார். கறுப்புத்தூள் மூக்கில் ஏறித் தும்மினேன். தும்மிய வேகத்தில் வலது கை தானாக மடங்கி எழும்பி டோனர் டப்பாவைத் தட்டியது. டப்பா தலையாரி நெஞ்சில் போய் மோதியது. வெள்ளைச் சட்டையில் பாதி கறுப்பு.

ஸ்டெல்லா அக்கா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து, "ஏய், மடங்குச்சுடி" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்கக் கை திரும்பத் திரும்ப எகிறியது. அவள் அழுதுகொண்டே ஈரத்துணி எடுத்து வந்து தலையாரி சட்டையைத் துடைக்க, தூள் இன்னும் பரவியது. ஏன் ஒருத்தி சிரிக்கிறாள், ஒருத்தி அழுகிறாள் என்று அவருக்கு விளங்கவில்லை. விஷயத்தைச் சொன்னோம். என் கையைப் பார்த்தார், தன் சட்டையைப் பார்த்தார். "கை வந்தது சந்தோசந்தேன். மொதல்ல அது எங்க போகணும்னு சொல்லிக் குடு."

டேபிள்ல வைம்மா

சொல்லிக் கொடுக்க இன்னும் ஆறு மாதம் ஆனது. வீட்டில் முதலில் வெறுங்கை, பிறகு கரண்டி, பிறகு அரை பாட்டில் தண்ணீர். மூச்சை இழுத்துப் பிடித்தால் கை மடங்கி முன்னால் வந்து நிற்கும். மூச்சை விட்டால் தொப்பென்று விழும். போகப் போக மூச்சில்லாமலே மடங்கும் என்றார்கள். எனக்கு அதுவரை பொறுக்க முடியவில்லை.

ஒரு திங்கட்கிழமை, கடை திறந்ததும் முதல் ஆள் முத்தையா அண்ணன். விதவை பென்ஷன் மனு ஒன்று, ஒரு காப்பி. எடுத்தேன். தாளை வலது கை விரலிடுக்கில் வைத்தேன். மூச்சை இழுத்தேன். கை எழும்பியது, தாலுகா ஆபீசில் ஃபைல் நகர்வதுபோல மெதுவாக எழும்பி, கவுண்டருக்கு மேலாக அவருக்கு முன்னால் போய் நின்றது.

அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். "டேபிள்ல வைம்மா" என்றார்.

அண்ணே, இது சோத்தாங்கை என்று சொல்ல வேண்டும். சொன்னால் மூச்சு போய்விடும். மூச்சு போனால் கை போய்விடும். நாற்காலியில் ஸ்டெல்லா அக்காவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வைம்மாங்கிறேன்ல" என்றார், இன்னும் நிமிராமல். தாள் நடுங்க ஆரம்பித்தது. கண்ணுக்குள் பூச்சி பறந்தது. இன்னொரு நிமிடம் இருந்தால் நான் விழுந்திருப்பேன், மனுவும் விழுந்திருக்கும். அந்தச் சலசலப்பில் நிமிர்ந்தார். என் முகத்தைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், தாளைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார். போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு, தாளை வாங்கினார். நான் மூச்சை விட்டேன். கை விழுந்தது.

அவர் மனுவைப் படிப்பதுபோலப் பார்த்துக்கொண்டே நின்றார். அந்த மனு எழுதியதே அவர்தான். பென்ஷன் மனுவுக்கு ஒரு காப்பி போதும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், தாலுகா ஆபீஸ் வாசலில் படுத்திருக்கும் நாய்க்கும் தெரியும். மனுவைத் திரும்ப என்னிடமே நீட்டினார். "இதுல இன்னொரு காப்பி போடும்மா, நின்னு வாங்கிக்கிறேன்."

இப்போதெல்லாம் மெஷினில் பேப்பர் சிக்கினால் மற்ற கடைக்காரர்களைத் திட்டுவதுபோலவே என்னையும் வாய்க்கு வந்தபடி திட்டுகிறார்கள். காதுக்குக் குளிர்ச்சியாக இருக்கிறது.